தெருவில் வளர்ந்த பூனையை வீட்டு நாய், பூனையோடு சேர்த்துப் பழக்க முடியுமா?

உங்கள் கேள்வி இதுதான்: கல்முனைப் பக்கம் வீடு. பின்வளவில் ஒரு பெட்டைப் பூனை திரிகிறது, கிட்டப் போனால் சீறிவிட்டு மதிலேறிவிடும். வீட்டில் ஏற்கனவே ஒரு நாய், ஒரு வயதான கடுவன் பூனை, கொஞ்சம் கோழிகள். இதையும் உள்ளே எடுத்து எல்லாவற்றோடும் வளர்க்கலாமா, எவ்வளவு காலம் பிடிக்கும்?

வளர்க்கலாம். மாதக்கணக்கில் பிடிக்கும். ஆனால் கதவைச் சாத்தி வைக்கக்கூடிய ஒரு தனி அறை உங்களிடம் இல்லையென்றால் தொடங்க வேண்டாம்.

நான் மட்டக்களப்பில், கல்லடியில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக் கறுப்பியும் இப்படி மீன் விற்கும் இடத்துக்குப் பின்னால் வளர்ந்து வந்தவள்தான். இப்போது ரைகர் என்ற நாயோடும் சிண்டு என்ற கிழட்டுப் பூனையோடும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறாள். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் வளவில் திரிவது எப்படிப்பட்ட பூனை என்று பாருங்கள். பூனைக்குட்டி மனிதரோடு இலகுவாக ஒட்டிக்கொள்ளும் காலம் பிறந்து 2 முதல் 7 கிழமை வரைதான். அந்த வயதில் மனிதக் கை படாமல் வளர்ந்தது பெரிதான பிறகு மடியில் வந்து படுக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் யாரோ வளர்த்துவிட்டுக் கைவிட்ட பூனையும் பயத்தில் இதே மாதிரித்தான் சீறும். இரண்டுக்கும் வித்தியாசம் சில நாட்களில் தெரிந்துவிடும். சாப்பாடு வைத்ததும் பகலிலேயே வந்து, தூரத்தில் நின்றாவது உங்கள் முகத்தைப் பார்த்துக் கத்தினால் அதற்கு மனிதரைத் தெரியும். ஒரு சத்தமும் போடாமல், எல்லோரும் படுத்த பிறகு மட்டும் வந்து தின்றுவிட்டுப் போனால் வேலை அதிகம். கறுப்பி இரண்டாவது வகை.

அம்பாறை மாவட்டம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலங்கையில் சிறுத்தையைத் தவிர மூன்று காட்டுப் பூனை இனங்கள் இருக்கின்றன. வயல் வெட்டும்போதும் வாய்க்கால் கரையிலும் அவற்றின் குட்டிகள் அகப்படுவதுண்டு. உடம்பெல்லாம் வரிசையாகக் கரும்புள்ளி, கட்டை வால், காதின் பின்புறம் வெள்ளைப் பொட்டு என்றால் அது மீன்பிடிப் பூனை. அழகாக இருக்கிறதே என்று தூக்கி வராதீர்கள். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு அது. தாய் தேடி வரும், எடுத்த இடத்திலேயே விட வேண்டும். இல்லையென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

சரி, உங்களுடையது சாதாரணப் பூனை என்றே வைத்துக்கொள்வோம். அறையைப் பற்றிப் பேசுவோம். நம் ஊர் ஓட்டு வீடுகளில் அறைச் சுவர் கூரை வரை போகாது, மேலே இடைவெளி இருக்கும். பயந்த பூனைக்கு அந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை. அலுமாரிக்குத் தாவி, அங்கிருந்து சுவருக்குத் தாவி, ஓட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். பூக்கல் வைத்த யன்னலும் அப்படித்தான். வலை அடியுங்கள், அல்லது சீலிங் போட்ட அறையைத் தேர்ந்தெடுங்கள். தகரக் கூரை அறை வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் உள்ளே எந்த உயிரும் இருக்க முடியாது.

பிடிப்பதற்குக் கையோ சாக்கோ உதவாது. கதவு விழும் பொறிக்கூடு வேண்டும். அதைச் சில நாட்கள் கதவைக் கட்டித் திறந்தபடியே வைத்து உள்ளே சாப்பாடு கொடுங்கள், பிறகு ஒரு நாள் கட்டை அவிழ்த்துவிடுங்கள். கருவாட்டை நெருப்பில் வாட்டி வைத்தால் அந்த மணத்துக்கு வராத பூனை இல்லை. உப்பு என்பதால் அதையே தினமும் உணவாக்க வேண்டாம். பூனை அகப்பட்டதும் கூட்டின் மேல் துணியைப் போட்டு மூடுங்கள், இருட்டில் அடங்கிவிடும். மாரியில் வளவில் தண்ணீர் ஏறும் நாட்களில் பூனைகள் தாமாகவே விறாந்தைக்கு ஒதுங்கும். பிடிக்க அதுவே நல்ல காலம்.

கூட்டோடு நேராக மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். விசர்நோய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து, கருத்தடைச் சத்திரசிகிச்சை என எல்லாவற்றையும் ஒரே மயக்கத்தில் முடிக்க முடியுமா என்று கேளுங்கள். பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைப்படும், ஒன்பது கிழமையில் குட்டி போடும். உள்ளே எடுக்கும் நேரத்தில் வயிற்றில் குட்டி இருந்தால் உங்கள் திட்டமெல்லாம் மாறிப்போகும். வீட்டுக் கிழட்டுப் பூனைக்கும் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கு வரும் பார்வோ மாதிரிப் பூனைகளுக்கும் ஒரு வயிற்றுப்போக்கு நோய் உண்டு, அதன் கிருமி வீட்டுத் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். புதிதாக வந்ததை இரண்டு கிழமையாவது தனியே வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

கடி, பிறாண்டல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரத்தம் வந்தால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நோய் ஊசி இலவசம். “குட்டிப் பூனைதானே” என்று மஞ்சள் பூசிவிட்டு இருக்காதீர்கள். பூனைக்கு நீங்களாகவே மருந்து கொடுக்கவும் வேண்டாம். ஒரு பனடோல் குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் பூனைக்கு நஞ்சு.

இனி அறைக்குள். ஒரு மூலையில் காட்போட் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வாயைச் சுவர்ப் பக்கம் பாதி திருப்பி வையுங்கள். எதிர் மூலையில் மலத்துக்கு ஒரு தட்டம். வெளியில் வளர்ந்த பூனைக்கு மண்தான் பழக்கம், அதனால் வளவு மணலையே போடுங்கள். கடையில் விற்கும் பூனை மணலை (லிட்டர்) பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றலாம். நீங்கள் உடுத்த, தோய்க்காத சாரமோ சேலையோ ஒன்றைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு வையுங்கள். தூங்கும்போதெல்லாம் உங்கள் மணம் அதன் மூக்கில் இருக்கட்டும்.

அதன் பிறகு உங்கள் வேலை சும்மா இருப்பதுதான். பலரும் தோற்பது இதில்தான். காலையும் மாலையும் ஒரே நேரத்துக்குச் சாப்பாட்டோடு போங்கள், தரையில் உட்காருங்கள், போனைப் பாருங்கள், சத்தமாகப் பத்திரிகை வாசியுங்கள். பூனையைப் பார்க்காதீர்கள், கையை நீட்டாதீர்கள். அது தின்று முடித்ததும் மிச்சத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நாள் முழுக்கச் சாப்பாடு கிடந்தால் உங்களை எதிர்பார்க்க அதற்கு ஒரு காரணமும் இல்லை. எங்கள் அம்மா கதவடியில் நின்று, “இதுக்குச் சோறு வைக்கிறதும் மதிலுக்குச் சோறு வைக்கிறதும் ஒண்டுதான், மறுகா நீ அழாத” என்று சொல்லிவிட்டுப் போவார்.

கறுப்பி தின்னும்போது வாய் தட்டில் இருக்கும், ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியே இருக்கும். பின்னங்கால் இரண்டும் பாயத் தயாராக மடங்கி இருக்கும். நான் பத்திரிகைப் பக்கம் புரட்டினால் மெல்லுவதை நிறுத்துவாள். நாட்கள் போகப்போக அந்தக் காது முன்னால் திரும்பியது, பிறகு கால்கள் தளர்ந்தன. தட்டை ஒவ்வொரு நாளும் கையகலம் என் பக்கம் நகர்த்தலாமா என்பதை அந்தக் கால்களைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். மடங்கினால் பழைய இடத்துக்கே தட்டைப் பின்னால் தள்ளிவிடுவேன்.

கண்ணை மெதுவாகச் சிமிட்டும் வித்தையும் உண்மைதான். பாதி மூடி, மெல்ல மூடி, மெல்லத் திறக்க வேண்டும். 2020இல் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். அப்படிச் சிமிட்டிய அந்நியரிடம் பூனைகள் கிட்ட வருவது கூடுதலாக இருந்தது. முறைத்துப் பார்ப்பதைப் பூனை சண்டைக்கு அழைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

தொடுவதற்கு அவசரப்படாதீர்கள். நீட்டிய விரல் நுனியை அது வந்து முகர்ந்து, கன்னத்தை உரசினால் மட்டும் அந்தக் கன்னத்தை ஒரு முறை தடவிவிட்டுக் கையை எடுங்கள். முதுகும் வயிறும் வேண்டாம், பிடரியில் பிடித்துத் தூக்குவது வேண்டவே வேண்டாம். வால் நுனி துடித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு நம் பக்கம் கவலையில்லை. சூடை, நெத்தலி எல்லாம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவித்துக் கொடுங்கள், உப்பும் தூளும் வேண்டாம். சூடை இனத்து மீன்களைப் பச்சையாக நாள்தோறும் கொடுத்தால் பூனையின் உடம்பில் விட்டமின் பி1 குறைந்துபோகும், அவித்தால் அந்தப் பிரச்சினை இல்லை. பசுப்பால் பல பூனைகளுக்கு வயிற்றைக் கெடுக்கும்.

இப்போது மற்றப் பிராணிகள். கிழட்டுப் பூனைக்கு அந்த வீடு தன் வீடு, அதன் மனதும் நோகக்கூடாது. முதலில் மணத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டும் படுத்த துணிகளை மாற்றிப் போடுங்கள். சாத்திய கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். சீறாமல் தின்னத் தொடங்கினால் கதவுக்குப் பதில் கம்பி வலை, அதற்குப் பிறகு சில நிமிடம் ஒரே அறை. சிண்டு முதல் நாள் வலை வழியாகப் பார்த்துவிட்டு அன்று முழுக்க என்னோடு கோபம். பரவாயில்லை, கதவைச் சாத்தி ஒரு படி கீழே இறங்கித் திரும்பவும் தொடங்கலாம். முறைத்தால், சீறினால் விடுங்கள். பாய்ந்து கட்டிப் புரண்டால் கையை வைக்காமல் நடுவில் ஒரு தலையணையைப் போடுங்கள். இரண்டு பூனைக்கு மூன்று மலத்தட்டம் வையுங்கள். கஞ்சத்தனம் பிடித்தால் கட்டிலில் பலன் தெரியும்.

நாய்தான் உண்மையில் கஷ்டம். பூனை ஓடும், ஓடுவதை நாய் துரத்தும், ஒரே ஒரு துரத்தலில் பல கிழமை வேலை போய்விடும். எனவே முதல் சந்திப்புகளில் நாய் கயிற்றிலேயே இருக்கட்டும். அதற்கு முன் நன்றாக நடக்கவிட்டுக் களைக்கச் செய்யுங்கள். பூனையைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் உடனே ஒரு துண்டு இறைச்சி கொடுங்கள். பூனைக்கு நாய் எட்டாத உயரத்தில் தட்டு அடித்து வையுங்கள். எங்கள் வீட்டில் குசினி அலுமாரியின் மேல்தட்டைக் கறுப்பிக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம். ஆளில்லாத நேரத்தில் இரண்டையும் ஒன்றாக விடுவதற்கு மிகவும் பொறுங்கள்.

தீபாவளி, வைகாசிச் சடங்கு என்று வெடியும் ஒலிபெருக்கியும் அதிரும் வாரங்களில் புதிய கட்டம் எதையும் தொடங்க வேண்டாம்.

ஆறேழு மாதம் போயும் பெட்டியை விட்டு வராமல், சாப்பாடும் குறைந்து மெலிந்தால் அந்தப் பூனைக்கு வீட்டுக்குள் இருப்பது சிறைதான். கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்துவிட்டதென்றால் வளவுப் பூனையாக விட்டு, அதே நேரத்துக்கு விறாந்தையில் சாப்பாடு வையுங்கள். அதுவும் வளர்ப்புத்தான்.

கோழிகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெரிய கோழியைப் பெரும்பாலான பூனைகள் தொடாது, ஒரு கொத்து வாங்கினால் வழிவிட்டு நடக்கும். குஞ்சுகள் விஷயத்தில் எந்தப் பூனையையும் நம்ப வேண்டாம், உங்கள் கிழவனையும் சேர்த்து. குஞ்சுக் கூட்டுக்குச் சின்னக் கண் வலை அடித்து, மேல்பக்கமும் மூடிவிடுங்கள்.