ஆள் ஆரெண்டு பிடிபடேல்லை: வாசகர் கேள்வி பதில்

இந்தமுறை வந்த கேள்வியளில கனக்க ஒரே விசயத்தையே சுத்துது. ஒராளை 'இவர் இன்னார்' எண்டு மூளை என்னண்டு பிடிக்குது, 'இது என்ரை, இது பிறத்தி' எண்டு உடம்பு என்னண்டு பிரிக்குது எண்டதுதான் அது. அதால நாலு கேள்வியை ஒண்டாப் போடுறன்.

நான் ஒரு ரீச்சர். நான் படிப்பிக்கிற பிள்ளையளையே யூனிபோர்ம் இல்லாமல் கடைத்தெருவில கண்டா ஆரெண்டு தெரியாது. ஒரு கலியாண வீட்டில சொந்த மச்சாளைக் கதைக்காமல் கடந்து போயிட்டன், அண்டையிலிருந்து அவ என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. சின்ன வயசில இருந்தே இப்பிடித்தான். கண்ணில பிழை இல்லையாம். இது என்ன?
வாசகி, சுன்னாகம்

தங்கச்சி, கடிதத்தை மட்டும் வைச்சு இதுதான் எண்டு சொல்லேலாது, ஆனா நீங்கள் எழுதினது எல்லாம் முகக்குருடு எண்டு சொல்லுற நிலையோட வடிவா ஒத்துப்போகுது. டொக்டர்மார் புறோசோபக்னோசியா எண்டுவினம். அந்தப் பேரை 1947ல வைச்சவர் யோவாகிம் போடமர் எண்ட ஜேர்மன் டொக்டர், அவர் பாத்தது மூளையில காயப்பட்ட ஆக்களை. ஆனா காயம் ஒண்டும் இல்லாமல் பிறவியிலயே இப்பிடி இருக்கிற ஆக்களும் இருக்கினம், நூறு பேரில ஒண்டு ரெண்டு பேர் இருக்கலாம் எண்டு மதிப்பிடுகினம், சில குடும்பங்களில பரம்பரையாவும் வரும். சிம்பன்சியளை ஆராய்ஞ்ச ஜேன் குடால் அம்மாவே தனக்கு இது இருக்கெண்டு வெளிப்படையாச் சொன்னவ.

மூளையின்ர பின்பக்கத்தில, அடியில, காதுக்குக் கிட்டவா ஒரு இடம் முகத்தைப் பாக்கேக்க மட்டும் கூடுதலா வேலை செய்யுது எண்டு 1997ல நான்சி கான்விஷரின்ர குழு ஸ்கான் செய்து காட்டினது, கூடுதலா வலப்பக்கத்திலதான். கதிரை, வீடு, மரம் பாக்கிறதுக்கு அந்தளவு வேலை அதுக்கு இல்லை. அதாலதான் உங்கட கண் எல்லாத்தையும் வடிவாப் பாக்குது, மூக்கு வாய் கண் எண்டு தனித்தனியா விளங்குது, ஆனா மொத்தமா 'இது மச்சாள்' எண்டு வாறேல்லை. குரல், நடை, தலைமுடி, கண்ணாடி, யூனிபோர்ம் இதுகளை வைச்சுத்தான் இவ்வளவு காலமும் சமாளிச்சிருப்பியள், இடம் மாறினாப்போல அது கைவிட்டிடும். மருந்து இல்லை. ஆனா மச்சாளுக்கு நேர சொல்லுங்கோ, இப்பிடி ஒரு குறை எனக்கு இருக்கு, கண்டா நீ முந்தி என்னைக் கூப்பிடு எண்டு. பள்ளிக்கூடத்திலயும் சொல்லலாம், வெக்கப்பட ஒண்டுமில்லை. இப்ப ஒராள் திடீரெண்டு முகங்களை மறக்கத் தொடங்கினா அது வேற கதை, பக்கவாதமாவும் இருக்கலாம், உடன ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்.

எங்கட அம்மம்மா ரெண்டு மாசமா அம்மப்பாவைப் பாத்து 'இவர் அவரில்லை, அவரைப்போல வேசம் போட்டு ஆரோ வந்திருக்கினம்' எண்டு சொல்லுறா. மற்ற எல்லாரையும் தெரியுது. சொந்தக்காரர் பேய் எண்டினம், நூல் கட்டியாச்சு, ஒரு மாற்றமும் இல்லை. அம்மப்பா அழுறார்.
வாசகன், சாவகச்சேரி

தம்பி, கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறதை வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை, ஆனா ஆஸ்பத்திரிக்குப் போறதை இன்னும் ஒரு கிழமையும் பிந்தவேண்டாம். நெருங்கின ஆள் ஒருத்தரை 'உருவம் அதேதான், ஆனா ஆள் வேற' எண்டு உறுதியா நம்புறதுக்கு கப்கிரா நிலை எண்டு பேர், ஜோசப் கப்கிரா எண்ட பிரெஞ்சு மனநல டொக்டர் கூட ஒருவரோட சேந்து 1923லயே இதை எழுதினவர். அப்ப இது மருத்துவத்துக்குத் தெரிஞ்ச விசயம், நூறு வருசத்துக்கு மேல.

ஏன் வருது எண்டதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், ஏனெண்டா இது விளங்கினா உங்கட அம்மப்பாவின்ர மனப்பாரம் குறையும். தெரிஞ்ச முகத்தைக் காணேக்க மூளையில ரெண்டு வேலை நடக்குது. ஒண்டு, ஆரெண்டு பேரோட பிடிக்கிறது. மற்றது, 'என்ரை ஆள்' எண்ட ஒரு உள்ளுணர்ச்சி கிளம்புறது, அது கிளம்பேக்க உள்ளங்கையில மெல்லிசா வேர்க்கும், அதைக் கருவி வைச்சு அளக்கலாம். மேல ரீச்சருக்குச் சொன்ன முகக்குருடு இருக்கே, மூளைக் காயத்தால அது வந்த சிலரில ஒரு அதிசயத்தைக் கண்டவை, 1985ல டனியல் ட்ரானலும் அன்ரோனியோ டமாசியோவும் எழுதினது: வாயால 'ஆரெண்டு தெரியாது' எண்டினம், ஆனா தெரிஞ்ச முகத்துக்குக் கை வேர்க்குது! 1990ல எல்லிஸ், யங் எண்ட ரெண்டு பேர் அப்ப கப்கிரா இதின்ர மறுபக்கமா இருக்கவேணும் எண்டு சொல்லிச்சினம். முகம் பிடிபடும், உணர்ச்சி கிளம்பாது. பேந்து அளந்து பாக்க அப்பிடித்தான் இருந்தது. நாப்பது அம்பது வருசம் கூட வாழ்ந்த மனுசன் முன்னால நிக்கிறார், முகம் சரி, ஆனா நெஞ்சில ஒண்டும் அசையேல்லை எண்டா, மூளை தனக்கு ஒரு காரணம் தேடி 'இது ஆரோ வேசக்காரன்' எண்டு முடிவெடுக்குது. அது மட்டும் காணாது, அந்த முடிவைச் சரிபாத்துத் தள்ளுற பகுதியும் பழுதாயிருக்கவேணும் எண்டு இப்ப கனபேர் நினைக்கினம், ஏனெண்டா உணர்ச்சி கிளம்பாத வேற நோயாளியள் இப்பிடி நம்புறேல்லை.

தமிழ்நாட்டில பிறந்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1997ல ஒரு பெடியனைப் பற்றி எழுதினவர், தலையில அடிபட்ட பிறகு தாய் தேப்பனை நேர கண்டா வேசக்காரர் எண்டுவான், போனில கதைச்சா 'அப்பா!' எண்டு சரியாக் கதைப்பான். காதால போற வழி பழுதாகேல்லை. இது எல்லாருக்கும் சரிவரும் எண்டில்லை, ஆனா செய்து பாக்கலாம்: அம்மப்பா அறைக்குள்ள போக முந்தி வெளியில நிண்டு குரல் குடுத்துக் கதைச்சுப்போட்டுப் போகட்டும். 'நான்தான், நான்தான்' எண்டு வாதாடவேண்டாம், அது கோவத்தைத்தான் கூட்டும். 'பயப்பிடாதையுங்கோ, நான் பக்கத்தில இருக்கிறன்' எண்டு சொன்னாக் காணும். இன்னொண்டு, இந்த நிலையில சிலர் அந்த 'வேசக்காரனை' அடிக்கப் போறதும் உண்டு, கத்தி, கோடாலி கைக்கெட்டாமல் வையுங்கோ.

வயசான ஆக்களில லூயி பொடி எண்ட மறதி நோய், அல்சைமர், பக்கவாதம் இதுகளால வரலாம், மனநோயாலயும் வரலாம், மூத்திரத்தில கிருமி ஏறினாக்கூட வயசான மூளை குழம்பும். எது எண்டு பாத்தாத்தான் மருந்து. யாழ் போதனா வைத்தியசாலையிலயும் தெல்லிப்பழையிலயும் மனநலப் பிரிவு இருக்கு. குடிக்கிற குளிசை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக்கொண்டு போங்கோ. அம்மப்பாவுக்கு இதைச் சொல்லுங்கோ: அவவின்ர அன்பு போகேல்லை, அன்பை முகத்தோட கொழுவுற நரம்புதான் பழுது.

அப்பாவுக்குக் கிட்னி மாத்தவேணும். எனக்கும் அவருக்கும் ஒரே இரத்த வகை. பிறகேன் இவ்வளவு டெஸ்ட்? சொந்த மகன்ர கிட்னியை உடம்பு பிறத்தி எண்டு நினைக்குமோ?
வாசகர், பருத்தித்துறை

நினைக்கும். இரத்த வகை முதல் கேற் மட்டும்தான். எங்கட செல்லுகளின்ர மேற்பரப்பில எச்.எல்.ஏ எண்ட புரதங்கள் இருக்கு, செல்லின்ர அடையாள அட்டை எண்டு வையுங்கோவன். பாதி தாயிட்டையிருந்து, பாதி தேப்பனிட்டையிருந்து வரும். அப்ப நீங்கள் அப்பாவோட பாதிதான் பொருந்துவியள், மற்றப் பாதி அம்மாவின்ரை, அது அப்பாவின்ர உடம்புக்குப் புதுசு. சகோதரங்கள் எண்டா நாலில ஒரு வாய்ப்பு முழுக்கப் பொருந்த, நாலில ஒண்டு ஒண்டுமே பொருந்தாமல் இருக்க. 1954ல பொஸ்டனில ஜோசப் மரே முதன்முதல் கிட்னி மாத்தி வெற்றி கண்டது ஒரே கருவில பிறந்த இரட்டையரில, அட்டை ரெண்டும் ஒண்டு எண்டதாலதான் உடம்பு எதிர்க்கேல்லை.

இப்ப மருந்து நல்லா முன்னேறினதால முழுப் பொருத்தம் இல்லாட்டியும் பயமில்லை, மனுசி புருசனுக்குக் குடுத்தும் நல்லாயிருக்கினம். ஆனா உங்கட செல்லுக்கு எதிரான அன்ரிபொடி, அதாவது பிறத்தியைத் தாக்க உடம்பு செய்யிற புரதம், அப்பாவின்ர இரத்தத்தில ஏற்கனவே இருக்கோ எண்டு பாக்கிற குறொஸ்மச் டெஸ்ட் கட்டாயம், முந்தி இரத்தம் ஏத்தினவைக்கு அது இருக்கலாம். மாத்தின பிறகு குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது, சுகமாயிருக்கு எண்டு விட்டா உடம்பு திரும்பச் சண்டைக்கு வரும். உங்கட கிட்னி ரெண்டும் வடிவா இருக்கோ எண்டும் பாக்கத்தானே வேணும், அதுக்கும் சேத்துத்தான் உந்த டெஸ்ட் எல்லாம்.

காகத்துக்கு ஆக்களைத் தெரியுமோ? என்னைக் கண்டா மட்டும் கொத்த வருது.
மாணவி, நல்லூர்

தெரியும் பிள்ளை. அமெரிக்காவில சியாட்டிலில ஜோன் மார்ஸ்லஃப் எண்ட ஆய்வாளர் 2006ல ஒரு முகமூடி போட்டுக்கொண்டு காகங்களைப் பிடிச்சு, வளையம் போட்டு விட்டவர். பிறகு அந்த முகமூடியோட ஆர் நடந்தாலும் காகங்கள் கத்திக் கலைச்சது, வேற முகமூடிக்கு அப்பிடியில்லை, பிடிபடாத காகங்களும் மற்றதைப் பாத்துப் பழகி வருசக்கணக்காக் கத்தினது. அது அமெரிக்கக் காகம், எங்கட ஊர்க் காகம் வேற இனம், ஆனா சொந்தக்காரர்தான். கூட்டுக்குக் கிட்டப் போனியளோ எண்டு யோசிச்சுப் பாருங்கோ, குஞ்சு பறக்கிற மட்டும் வேற வழியாப் போங்கோ. இவ்வளவு கெட்டித்தனமான காகம் தன்ர கூட்டில குயில் இட்ட முட்டையை அடைகாத்து, தன்னைப்போல இல்லாத குஞ்சுக்கும் தீனி குடுக்குது. பிழையாக் கணிச்சுச் சொந்த முட்டையைத் தள்ளுறதைவிட, ஒரு பிறத்திக் குஞ்சை வளக்கிறது நட்டம் குறைவு எண்டதாலயா இருக்கலாம் எண்டது ஆய்வாளர் சொல்லுற ஒரு விளக்கம், குயில் குஞ்சும் பெரும்பாலும் காகக் குஞ்சுகளை வெளியில தள்ளிவிடுறேல்லை.