தாளில் இல்லாதது

அன்புள்ள ஐயா,
மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். பெங்களூரில் விமான பாகங்கள் செய்யும் கம்பெனியில் புராசஸ் இன்ஜினியர் வேலை கிடைத்திருக்கிறது. "டிசைன்னா போ, ஷாப் ஃப்ளோர்ல நிக்கவா ரெண்டு மா நிலத்தை அடகு வச்சுப் படிக்கவச்சேன்" என்கிறார் அப்பா. நீங்கள் அந்த வேலையில் இருந்தவர். என்ன செய்யட்டும்?
ச.

அன்புள்ள தம்பி,

போய்ச் சேருங்கள். அப்பாவிடம் நான் பேச வேண்டுமென்றாலும் பேசுகிறேன்.

வரைபடத்தில் ஓட்டையின் அளவுதான் இருக்கும். அதை எந்த டிரில் பிட்டால், எந்த வேகத்தில் போடுவது, எத்தனை ஓட்டைக்கு ஒருமுறை பிட்டை மாற்றுவது, பிசிறை எப்படி எடுப்பது, இதையெல்லாம் எழுதுகிறவர் புராசஸ் இன்ஜினியர். நான் சேர்ந்த புதிதில் ஒரு அலுமினியத் தகட்டுக்கான வேலைத்தாளில் 'தேவைப்படும்போது பிட்டை மாற்றவும்' என்று எழுதிவிட்டேன். கொஞ்ச நாளில் ராத்திரி ஷிப்ட் தகடுகளில் மட்டும் ஓட்டை விளிம்பில் பிசிறு, நகத்தை வைத்துத் தடவினால் மாட்டுகிறது. ஆபரேட்டரைக் கேட்டேன். "தேவை எப்பன்னு தாள்ல இல்லையே சார், ஸ்டோரும் ராத்திரி பூட்டியிருக்கு" என்றார். தப்பு என் தாளில். ஒரு பிட் எத்தனை ஓட்டைக்குத் தாங்கும் என்று பக்கத்தில் நின்று எண்ணி, அந்த எண்ணை எழுதி, புது பிட்டை அவர் மேஜையிலேயே வைத்த பிறகுதான் அது நின்றது.

பிசிறுதானே என்று விட முடியாது. ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தில் விமானத்தின் உடல் கொஞ்சம் உப்பும், இறங்கினால் தளரும், பல வருஷம் இப்படியே நடக்கையில் விரிசல் ஆரம்பிக்கிற இடம் பெரும்பாலும் ஓட்டையின் விளிம்புதான். அப்புறம் 2024 ஜனவரியில் போயிங் 737 மேக்ஸ் 9 ஒன்றில் கதவு இருக்க வேண்டிய இடத்தை அடைத்திருந்த பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனதே, அது ஃபாக்டரியில் ரிவெட்களைச் சரிசெய்யக் கழற்றியது. திரும்ப மாட்டியபோது நான்கு போல்ட்கள் போடப்படவில்லை. கழற்றியதற்கு ஒரு தாளும் இல்லை.

நம் சுவாமிமலையில் மெழுகுச் சிலைமேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகம் ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், அதனால் ஒவ்வொன்றும் தனி, ஸ்தபதியின் கைப்பழக்கமே போதும். விமானத்தில் ஆள் மாறினாலும் நூறாவதும் முதலாவது போலவே வரவேண்டும். அந்தக் கைப்பழக்கத்தைத் தாளுக்குக் கொண்டுவர, அந்தக் கைக்குப் பக்கத்தில் நிற்காமல் முடியாது. அப்பா கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

சேர்ந்ததும் ராத்திரி ஷிப்டுக்கும் போங்கள். டிரில் சத்தத்தை வைத்தே பிட் மழுங்கியதைச் சொல்லிவிடுகிற மூத்த ஆபரேட்டர் ஒருவர் அங்கே இருப்பார். முதலில் அவரிடம் போய் நில்லுங்கள்.