கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளைகள்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மனநலச் செவிலியராக 22 வருடம் வேலை பார்த்தவள் நான். நம் தமிழ் வகுப்புப் பெற்றோரும் பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

"அக்கா, எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லையே. இப்போது மட்டும் ஏன் எல்லாப் பிள்ளைக்கும் டிப்ரெஷன்?" (ஃபீனிக்ஸ், ஒரு அம்மா)

எல்லாப் பிள்ளைக்கும் இல்லை, தங்கச்சி. ஆனால் நாம் நினைப்பதைவிட அதிகம். 10 முதல் 19 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வகுப்பில் 28 பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் சராசரியாக நான்கு பேர். பதற்றக் கோளாறுதான் இதில் முன்னால் நிற்கிறது. 15 வயதுக்கு மேல் நூற்றுக்கு ஐந்து பேருக்கு அது வருகிறது, மனச்சோர்வு நோய் (நீங்கள் சொல்லும் டிப்ரெஷன்) சுமார் மூன்று பேருக்கு.

நம் காலத்திலும் இருந்தது. 2002 முதல் 2004 வரை தென்னாப்பிரிக்கா முழுவதும் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், நூற்றுக்கு முப்பது பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது மனநோயை அனுபவித்தவர்கள். இந்த நோய்களில் ஏறக்குறைய பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்குகின்றன. அன்று அதற்குச் "சோம்பேறி" என்றும் "காத்துக் கருப்பு" என்றும் பெயர் வைத்தோம்.

"மகனுக்கு 14 வயது. எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான். திமிரா, நோயா?" (செட்ஸ்வொர்த், ஒரு அப்பா)

அண்ணா, இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிட எரிச்சலாக வருவதுண்டு. அதனால்தான் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே பல பிள்ளைகள் நோயோடு இருக்கிறார்கள். கோபத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தூக்கம் மாறியதா? சிநேகிதர்களை விட்டானா? ஆசையாகச் செய்த ஒன்றை நிறுத்தினானா? இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய தினமும் இப்படி இருந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். அரசு கிளினிக்கில் கட்டணம் கிடையாது. தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுப்பார்கள்.

என் தம்பி மகன் கிரேட் 9-ல் கிரிக்கெட் மட்டையைக் கீழே வைத்தான். படிப்பில் கவனம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். இந்த வேலையிலேயே இருந்த நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு வருடம் வீணாகப் போயிற்று. அந்த வருடம் இன்னும் என்னை உறுத்துகிறது.

சுகர்ஸ் என்ற ஹெராயின் கலந்த போதைப்பொருள் பழக்கம் இருக்குமோ என்ற பயம் செட்ஸ்வொர்த்தில் எல்லா அப்பாவுக்கும் உண்டு. அதையும் கேளுங்கள், ஆனால் பையைச் சோதனை போட்டு ஆரம்பிக்காதீர்கள். காரில் போகும்போது, முகம் பார்க்காமல் பேசும்போது பையன்கள் அதிகம் பேசுவார்கள்.

"பேத்திக்குத் திருஷ்டி கழித்தோம், மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றினோம். டாக்டர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதியிருக்கிறார். கொடுக்கலாமா?" (டோங்காட், ஒரு ஆயா)

கொடுங்கள் ஆயா. கஞ்சியும் ஊற்றுங்கள், மாத்திரையும் கொடுங்கள், இரண்டுக்கும் சண்டையில்லை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில வாரம் அவளைத் தனியாக விடாமல் கவனியுங்கள். சில பிள்ளைகளுக்கு அப்போது சாகும் எண்ணம் கூடலாம். அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கொஞ்சம் தேறிவிட்டாள் என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. பேச்சு சிகிச்சையும் சேர்ந்து கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

"மகள் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதியிருக்கிறாள். 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்றாள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தைக் கிளப்பியதாக ஆகுமா?"

ஆகாது. ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது அதுதான்: கேட்பதால் எண்ணம் வராது, பாரம்தான் குறையும். சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதாம்மா?" அவள் சொன்னால் பதறாதீர்கள், "எங்களுக்கா இப்படிச் செய்வாய்" என்று அழாதீர்கள். "எப்போதிலிருந்து?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் இன்றைக்கே பூட்டி வையுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567, இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். இப்போதே ஆபத்து என்று தோன்றினால் போன் செய்துகொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஜனவரியில் ரிசல்ட் வரும் நாளில் அவளோடு வீட்டில் இருங்கள். மெட்ரிக்கைத் திரும்ப எழுத வழி இருக்கிறது என்பதை ரிசல்ட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

"எனக்கு 16 வயது. அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் உதவி கேட்க முடியுமா?"

முடியும், கண்ணு. 2005-ஆம் வருடக் குழந்தைகள் சட்டப்படி, 12 வயது ஆகி, விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால், சிகிச்சைக்கு நீயே சம்மதம் தரலாம். கிளினிக்குக்குத் தனியாகப் போகலாம், 116-க்கு அடித்துச் சைல்ட்லைன் என்ற பிள்ளைகளுக்கான உதவி எண்ணில் பேசலாம். நீ சொல்வதைக் கவுன்சிலர் தனக்குள் வைத்துக்கொள்வார். உன் உயிருக்கு ஆபத்து என்றோ, யாராவது உன்னைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்றோ தெரிந்தால் வேறு ஒருவரிடம் சொல்லியாக வேண்டும், அதையும் முதலில் உன்னிடம் சொல்லச் சொல்லிக் கேட்கலாம்.