எட்வர்டு முதல் ஹாரி வரை: ஆங்கிலேய ஆண் பெயர்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எட்வர்டு, ஆல்ஃபிரட் ஆகிய பெயர்களின் பொருள் என்ன?

பதில்: இவை பிரான்சின் நார்மண்டிப் பகுதியைச் சேர்ந்த நார்மானியர் 1066இல் இங்கிலாந்தை வெல்வதற்கு முன்பே பழைய ஆங்கிலத்தில் வழங்கிய பெயர்கள். எட்வர்டில் முற்பகுதி செல்வத்தையும் பிற்பகுதி காவலனையும் குறிக்கும். ஆல்ஃபிரட்டின் முற்பகுதி, அக்கால மக்கள் நம்பிய 'எல்ஃப்' எனும் அமானுட இனத்தாரைக் குறிக்கும். பிற்பகுதிக்கு அறிவுரை என்று பொருள்.

கேள்வி: 'எல்ஃபின் அறிவுரை' என்றா ஒரு குழந்தைக்குப் பெயரிட்டார்கள்?

பதில்: பெயர் அகராதிகள் இரு பகுதிகளையும் ஒட்டி ஒரே தொடராகப் பொருள் சொல்வதால்தான் இந்த ஐயம் எழுகிறது. பெற்றோர் பெரும்பாலும் அப்படி நினைக்கவில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே வழங்கிய பெயர்க்கூறுகளை எடுத்துக் கோத்தார்கள். 1095இல் மறைந்த வூஸ்டர் ஆயர் வுல்ஃப்ஸ்டன் இதற்கு மிகச் சிறந்த சான்று: தாய் வுல்ஃப்கிஃபுவின் பெயரிலிருந்து முற்பகுதியும், தந்தை எதல்ஸ்டனின் பெயரிலிருந்து பிற்பகுதியும் அவருக்கு வந்தன. அதை 'ஓநாய்க்கல்' என்று மொழிபெயர்த்தால் பெற்றோர் இருவரையும் மகனோடு இணைத்த அந்த அழகு முழுவதும் மறைந்துபோகும். ஆல்ஃபிரட் மன்னரின் தந்தை எதல்வுல்ஃப். அண்ணன்மார் எதல்பால்டு, எதல்பெர்ட், எதல்ரெட். 'உயர்குடி' எனப் பொருள்படும் ஒரே கூறு இத்தனை பேரையும் ஒரு குடும்பமாகக் காட்டுகிறது.

கேள்வி: வில்லியம், ராபர்ட், ஹென்றி ஆகியவை பிரெஞ்சுப் பெயர்களா?

பதில்: நார்மானியர் வழியே வந்தாலும் அவற்றின் வேர் ஜெர்மானியமே. வில்லியம் என்பதில் மனவுறுதியும் தலைக்கவசமும், ராபர்ட்டில் புகழும் ஒளியும், ஹென்றியில் இல்லமும் ஆட்சியும் சேர்ந்துள்ளன. இவை பரவியபோது பழைய ஆங்கிலப் பெயர்களில் பெரும்பாலானவை சில தலைமுறைகளில் வழக்கொழிந்தன. எட்வர்டு தப்பியதற்குக் காரணம் உண்டு: நார்மானியருக்கு முன் ஆண்டவரும் 1161இல் புனிதராக அறிவிக்கப்பட்டவருமான எட்வர்டு மன்னர்மீது பெரும் பக்தி கொண்டிருந்த மூன்றாம் ஹென்றி, 1239இல் பிறந்த தம் மகனுக்கு அப்பெயரையே சூட்டினார், அம்மகனே பின்னர் முதலாம் எட்வர்டாக முடிசூடினார்.

கேள்வி: ஹாரி, பாப், பில் ஆகியவை தனிப்பெயர்களா?

பதில்: ஹாரி என்பது ஹென்றியின் பேச்சு வடிவம், 1984இல் பிறந்த இளவரசர் ஹாரியின் முறையான பெயரும் ஹென்றிதான். ராபர்ட்டின் சுருக்கமான ராப், எதுகைக்காக முதலெழுத்து மாறிப் பாப் ஆனது. வில், பில் ஆனதும் அவ்வாறே. இன்று ஹாரியை முழுப்பெயராகவே பதிவு செய்பவர்கள் பலர்.

கேள்வி: ஸ்டான்லி, கிளிஃபர்டு?

பதில்: இவை முதலில் ஊர்ப்பெயர்கள், பிறகு குடும்பப் பெயர்களாகி, அதன் பின்னரே குழந்தைகளுக்குச் சூட்டப்பட்டன. ஸ்டான்லி என்பது காட்டினிடையே கற்கள் நிறைந்த வெளி. கிளிஃபர்டு என்பது செங்குத்துச் சரிவை அடுத்த ஆற்றுத்துறை.