மொட்டை மாடி ஏசி யூனிட்டில் அடைப்பே இல்லாமல் தண்ணீர் ஏன் உள்ளே ஒழுகுகிறது?

யூனிட் ஓடும்போது தண்ணீர் கட்டடத்துக்குள் சொட்டுகிறது, நிறுத்தினால் வடிகால் குழாயில் குபுகுபுவென்று வெளியே கொட்டுகிறது என்கிறீர்கள். நிறுத்தினால் கொட்டுகிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது.

பெரும்பாலான மாடி யூனிட்களில் ஃபேன், காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச்சுருளான காயிலுக்கு அப்புறம் இருந்துகொண்டு காற்றை இழுக்கிறது. அதனால் தண்ணீர் சேரும் தட்டுப் பகுதியில் வெளியே இருப்பதைவிட அழுத்தம் குறைவு. வடிகால் குழாயில் யு வடிவ ட்ராப் (தண்ணீர் தேங்கி நின்று காற்றைத் தடுக்கும் வளைவு) இல்லையென்றால், அல்லது இருந்தும் காய்ந்து கிடந்தால், ஃபேன் அந்தக் குழாய் வழியாகவே வெளிக்காற்றை உறிஞ்சும், தண்ணீர் இறங்க வழியில்லாமல் தட்டு நிரம்பி வழியும். ட்ராப்பின் ஆழம் யூனிட்டோடு வந்த கையேட்டில் இருக்கும், கண்ணளவில் வளைத்து வைக்காதீர்கள். வெயில்காலம் தொடங்கும்போது அதில் கையால் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள், ஏனென்றால் ஹீட்டிங் மட்டும் ஓடிய மாதங்களில் அது வற்றியிருக்கும். ஃபில்டர் அடைத்தாலும் இழுவை கூடும், நேற்றுவரை சரியாக இருந்த ட்ராப் இன்று போதாமல் போகும்.

அப்புறம், யூனிட் உட்காரும் சட்டம் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள்; வடிகாலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் எந்த ட்ராப்பும் உதவாது.

நீங்கள் கேட்காத ஒன்று: கம்ப்ரசரில் அதன் எண்ணெயைச் சூடாக வைக்கும் ஹீட்டர் இருந்தால், நீண்ட நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த யூனிட்டுக்கு 24 மணி நேரம் முன்பே மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் குளிர்விப்பைத் தொடங்குங்கள். மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஓடும் ஸ்க்ரோல் வகை (சுருள் தகடுகளால் அழுத்தும்) கம்ப்ரசர் கடகடவென்று இரைந்தால் உடனே நிறுத்துங்கள், ஃபேஸ் வரிசை மாறி அது எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருக்கலாம்.