வலிப்பு அடங்குகிறது, ஆனால் எலி நீந்தவில்லை: சேர்மத் தொடரைக் கைவிடலாமா?

வணக்கம். உங்கள் புதிய சேர்மம் மின்னதிர்ச்சிச் சோதனையில் சுண்டெலிகளின் வலிப்பைத் தடுக்கிறது, ஆனால் கட்டாய நீச்சல் சோதனையில் (மனச்சோர்வு மருந்து வேலை செய்தால் அசையாமல் மிதக்கும் நேரம் குறைய வேண்டும்) அந்த நேரம் கூடிவிட்டது, மனச்சோர்வுக்கு உதவாது என்று விட்டுவிடலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

முதலில் அதே டோஸில் ரோட்டராட் (சுழலும் தண்டில் எலி நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை) வைத்துப் பாருங்கள். சுழலும் தண்டிலிருந்து எலி தொப்பென்று விழுந்துகொண்டே இருந்தால், நீங்கள் அளந்தது மனச்சோர்வை அல்ல, மருந்தின் மந்தத்தை. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் எலி எப்படி நீந்தும்? திறந்தவெளிப் பெட்டியில் நடமாட்டத்தையும் அளந்துவிட்டு, டோஸைக் குறைத்து மறுபடி நீந்த விடுங்கள். (இதன் மறுபக்கமும் உண்டு: காஃபீன் போன்ற ஊக்கிகள் கொடுத்தாலே எலி அதிகம் நீந்தும்.)

ஒரே வழியில் இரண்டு நோயையும் தொட முடியும். உடலிலேயே உருவாகும் அலோபிரெக்னனோலோன் என்ற ஸ்டீராய்டு, நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா-ஏ ஏற்பியின் வேலையைக் கூட்டுகிறது. அதன் 3ஆம் கார்பனில் ஒரு மெத்தில் குழு சேர்த்ததுதான் கனாக்சலோன் என்ற மருந்து; அங்கிருக்கும் ஹைட்ராக்சில் சட்டென்று ஆக்சிஜனேற்றம் அடையாமல் அது காக்கிறது. 2022இல் சிடிகேஎல்5 குறைபாடு என்ற அரிய மரபணு நோயின் வலிப்புக்கு அதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே குடும்பத்துச் சுரனலோனுக்கு 2023இல், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு. மருந்தை எடுத்துக்கொண்டபின் 12 மணி நேரமாவது வண்டி ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கையோடுதான் அதுவும் வந்தது.

ரோட்டராட் முடிவு வந்ததும் டோஸோடு இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.