மலாவி மிஷன் ஆஸ்பத்திரிக்கு நான்கு வாரம்: ஒரு நர்ஸின் கேள்விக்குப் பதில்

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து ஆறு வருட அனுபவம். எங்கள் சபையிலிருந்து ஒரு குழு வரும் ஜனவரியில் ஆப்பிரிக்காவின் மலாவிக்கு, ஒரு கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரியில் நான்கு வாரம் சேவை செய்யப் போகிறது. "அங்கே ஒன்றுமே கிடையாது, டாக்டர் செய்வதையெல்லாம் நீயே செய்யலாம்" என்கிறார் ஏற்பாடு செய்பவர். போகலாமா? என்ன ஊசி, மாத்திரை தேவை? என்ன எடுத்துப் போவது?

பதில்: போகலாம். ஆனால் அந்த ஏற்பாட்டாளர் சொன்னதை நம்பிப் போகாதீர்கள். உங்கள் வார்டில் உங்களுக்கு அனுமதியில்லாத எதையும் மலாவியிலும் செய்யக் கூடாது. அங்கே கேட்க ஆளில்லை என்று நினைப்பவர்கள் போய்த்தான் இந்தச் சேவைக்கே கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள்.

"ஒன்றுமே கிடையாது" என்பதும் சரியில்லை. மருந்தும் ஆளும் கரண்டும் போதாது, உண்மை. ஆனால் குளோரோகுயின் மலேரியாவுக்குக் கேட்காமல் போனபோது, ஆப்பிரிக்காவில் முதல் நாடாக 1993-இல் அதைக் கைவிட்டது மலாவி. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்கும், ரத்தப் பரிசோதனை எண்ணுக்காகக் காத்திராமல், வாழ்நாள் மருந்தைத் தொடங்கும் முறையை 2011-இல் முதலில் கொண்டுவந்ததும் அதே நாடுதான். உலகம் பிறகு அதைப் பின்பற்றியது. 2019 ஏப்ரலில் குழந்தைகளுக்கான மலேரியா தடுப்பூசி வழக்கமான தடுப்பூசிகளோடு சேர்ந்து முதலில் போடப்பட்டதும் அங்கேதான். நீங்கள் போவது இப்படி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஓர் அமைப்புக்குள்.

அங்குள்ள மிஷன் ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் மலாவி கிறிஸ்தவ சுகாதாரச் சங்கத்தில் சேர்ந்தவை. 1966-இல் தொடங்கிய சங்கம். ஊழியர்களில் பெரும்பாலோருக்கு அரசே சம்பளம் தருகிறது, நோயாளியிடம் கட்டணமும் உண்டு. வார்டை நடத்துவது பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். டாக்டர் அல்ல, கிளினிக்கல் ஆபீசர். டிப்ளமோ படித்தவர்தானே என்று குறைத்து எடை போட்டுவிடாதீர்கள். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் சிசேரியன்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் அவர்கள்தான். உங்களுக்கு மேலதிகாரியாக இருக்கப்போவதும் அப்படி ஒருவராகவோ, அவ்வூர் நர்ஸ் இன்சார்ஜாகவோ இருக்கலாம்.

ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன் அந்த ஆஸ்பத்திரியின் மேட்ரனுக்கு நீங்களே நேரடியாக ஒரு மெயில் அனுப்புங்கள். இந்தக் குழுவை அவர்கள் கேட்டார்களா, ஜனவரியில் வந்தால் உதவியா இடைஞ்சலா, நான் யாரின் கீழ் வேலை செய்வேன் என்று கேளுங்கள். மலாவி செவிலியர் கவுன்சிலில் தற்காலிகப் பதிவுக்கு என்னென்ன அனுப்ப வேண்டும் என்பதையும் கேளுங்கள். பதிவு இல்லாமல் நோயாளியைத் தொடக் கூடாது, அது சேவையாக இருந்தாலும். தமிழ்நாடு கவுன்சிலின் பதிவுச் சான்று, நன்னடத்தைச் சான்று, அனுபவச் சான்று எல்லாம் கேட்பார்கள், அதற்கு வாரக்கணக்கில் நேரமாகும். சுற்றுலா விசாவில் போய் வார்டில் வேலை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், எந்த அனுமதியில் வருகிறோம் என்பதை ஆஸ்பத்திரி நிர்வாகத்திடமே எழுத்தில் வாங்குங்கள். மெயிலுக்குப் பதிலே வராவிட்டால், அல்லது 'அதெல்லாம் தேவையில்லை' என்று ஏற்பாட்டாளரே பதில் சொன்னால், இந்தப் பயணத்தை விட்டுவிடுவதே நல்லது.

ஜனவரி என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழைக்காலம். மலேரியா உச்சத்தில் இருக்கும், ரத்தசோகையோடு குழந்தைகள் வந்து குவிவார்கள்; போன அறுவடையின் மக்காச்சோளம் தீர்ந்து, அடுத்தது இன்னும் விளையாத மாதங்களும் அவைதான். வார்டு நிரம்பி வழியும் நேரத்தில் புதிதாக வந்த ஆறேழு பேருக்கு வழிகாட்ட யாருக்கும் பொழுதிருக்காது. குழுவாகப் போவதைவிட நீங்களும் இன்னொருவரும் மட்டும் போனால் அவர்களுக்குப் பாரம் குறையும் என்பது என் கருத்து. ஏற்பாட்டாளருக்கு இது பிடிக்காது.

உங்கள் கையில் இருப்பது பச்சிளங்குழந்தை அனுபவம். அது அங்கே மிகவும் தேவை, குறைமாதப் பிரசவம் அதிகமுள்ள நாடு. ஆனால் இங்கே நீங்கள் பழகிய வார்மரும் மானிட்டரும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கரண்ட் போனால் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் நின்றுவிடும். தாயின் நெஞ்சோடு குழந்தையை அணைத்துக் கட்டும் கங்காரு முறை, பீச்சிய தாய்ப்பாலைக் குழாய் வழியே அளவாகக் கொடுப்பது, சர்க்கரை குறைகிறதா என்று பார்ப்பது, கை கழுவுவது: உயிர் காப்பது பெரும்பாலும் இவைதான். மலாவிக்கென்றே 'காயின்' என்ற பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பயிற்சிக் கையேடு இருக்கிறது. அதை வாங்கிப் படித்துவிட்டுப் போங்கள். உங்கள் வார்டின் மருந்தளவும் அவர்களுடையதும் வேறுபட்டால் அவர்களுடையதே செல்லும். சந்தேகம் இருந்தால் நர்ஸ் இன்சார்ஜிடம் தனியாகக் கேளுங்கள், தாயின் முன்னால் வேண்டாம்.

நோயாளியின் புறநோயாளிச் சீட்டு என்பது அவரே கையில் வைத்திருக்கும் 'ஹெல்த் பாஸ்போர்ட்' என்ற சிறு நோட்டுதான். நீங்கள் எழுதுவது அதில் தெளிவாக இருக்க வேண்டும். அடுத்து பார்ப்பவருக்கு வேறு பதிவு கிடைக்காமல் போகலாம். சமைப்பது, குளிப்பாட்டுவது, துணி துவைப்பது எல்லாம் கூட வந்திருக்கும் 'கார்டியன்' பார்த்துக்கொள்வார். நம்மூர் ஆஸ்பத்திரித் துணையாள் போலத்தான், அங்கே அவர்கள் தங்கிச் சமைக்கத் தனிக் கொட்டகையே இருக்கும். கார்டியனிடம் பேசக் கொஞ்சம் சிச்சேவா மொழி கற்றுக்கொள்ளுங்கள். வடக்கே போவதாக இருந்தால் தும்புக்கா.

நான்கு வாரத்தில் செய்யக்கூடிய உருப்படியான வேலை, அங்குள்ள நர்ஸ்கள் கேட்கும் ஒரே ஒரு விஷயத்தை அவர்களோடு சேர்ந்து பழகிப் பார்ப்பது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு 60-க்கும் மேற்பட்ட உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்தியர்களாக்கினார், பின்னாளில் தமிழிலேயே பாடம் நடத்தினார். அதற்கு அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அந்த அவகாசம் இல்லை, எனவே ஒரே விஷயம் போதும்.

இனி ஊசி. மலாவி மஞ்சள் காய்ச்சல் நாடு அல்ல. ஆனால் இங்கிருந்து போகும் விமானங்கள் பெரும்பாலும் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியே போகும், அந்த ஊர்கள் இருக்கும் எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் உள்ளவை. திரும்பி வரும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாவிட்டால் இந்தியாவில் 6 நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவர்களுக்கு விலக்கு கிடைக்கலாம், அதை நம்பி இருக்காதீர்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அந்த ஊசி போடுகிறார்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும், பிறகு ஆயுளுக்கும் போதும். ஹெபடைட்டிஸ் பி மூன்று டோஸும் முடிந்ததா, எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று ரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். டைஃபாய்டு, டெட்டனஸ், வெறிநாய்க்கடி ஊசிகளைப் பற்றியும் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

மலேரியாவில் அலட்சியம் வேண்டாம். தமிழ்நாட்டில் வளர்ந்ததால் நமக்கு எதிர்ப்பு இருக்கும் என்ற நினைப்பு ஆபத்து. அங்கே இருப்பது மூளையைத் தாக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை மலேரியா. தடுப்பு மாத்திரை போட வேண்டும். டாக்சிசைக்கிளின் என்றால் தினம் 100 மி.கி., போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பிய பின்னும் 4 வாரம். கர்ப்பிணிகளுக்கு ஆகாது, வெயிலில் தோல் எரியும், சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். மெஃப்ளோகுயின் வாரம் ஒருமுறை போதும், ஆனால் வலிப்போ மனநலச் சிக்கலோ இருந்தவர்களுக்கு வேண்டாம். எது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். மாத்திரை போட்டாலும் கொசுவலையை விடாதீர்கள்.

வார்டில் வேலையின்போது நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே இன்சார்ஜிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் மாத்திரை அடுத்த சில மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரம் தாண்டாமல், உள்ளே போக வேண்டும். 28 நாள் தொடர வேண்டும். அங்கே இரவில் அந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கும், சாவி யாரிடம் என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

பெட்டியில் சாம்பிள் மாத்திரைகளை நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். தானமாகத் தரும் மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்கு ஓராண்டாவது பாக்கி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி, சுங்க அனுமதியும் வேண்டும். அவர்கள் பட்டியல் அனுப்பினால் அதில் உள்ளதை மட்டும் வாங்குங்கள். உங்களுக்கென்று நல்ல கையுறை, டார்ச், ஓ.ஆர்.எஸ். போதும். குழந்தைகளோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது வேண்டாம்.

ஏரியில் இறங்காதீர்கள். மலாவி ஏரி பார்க்க அழகு, கரையோர நத்தைகளிலிருந்து பில்ஹார்சியா புழு தோல் வழியே ஏறும். இறங்கிவிட்டால் சில வாரம் கழித்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஊருக்கு வந்தபின் முதல் சில மாதங்களில் காய்ச்சல் வந்தால் வைரஸ் என்று பாராசிட்டமால் போட்டுப் படுக்காமல், அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள். முதல்முறை இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் விடாவிட்டால் மறுபடி பாருங்கள். டாக்டர் கேட்கும்வரை காத்திராமல் மலாவி போய்வந்ததை நீங்களே முதலில் சொல்லுங்கள். தூத்துக்குடியில் யாரும் அதைக் கேட்க நினைக்க மாட்டார்கள்.